தென்னையும் பப்பாசியும்: பீடை எதிர்ப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கனிதரும் மரங்களைப் பூச்சிகளிடமிருந்து காக்கும் முயற்சியின் வரலாற்றை எழுதுவோர் பலர், இரசாயன நஞ்சு, உயிரியற் கட்டுப்பாடு, பரம்பரையலகுப் பொறியியல் என அதனை மூன்று படிகளாக வகுத்து, இறுதிப் படி ஏனையவற்றை வென்றது என்று முடிப்பர். இவ்வரிசை இலங்கையின் அனுபவத்துக்குப் பொருந்தாது என்பதே எமது துணிபு.

மாளிகாவத்தை, வெள்ளவத்தை எனத் தோட்டத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லைத் தன் பகுதிகளின் பெயர்களிற் சுமந்து நிற்பது கொழும்பு. அந்நகரை அண்டிய தென்னைகளிலே 1970ஆம் ஆண்டளவில் புரொமெக்கொதீக்கா என்னும் வண்டு காணப்பட்டது. அதன் குடம்பி ஓலையின் இரு தோல்களுக்கும் இடையே புகுந்து பசிய பகுதியை அரித்துண்பது. உள்ளே மறைந்திருப்பதைத் தெளிக்கும் நஞ்சு எளிதில் எட்டாது. வானளாவிய மரங்களுக்குத் தெளிப்பதோ அதனினும் அரிது. தீர்வு சிங்கப்பூரிலிருந்து வந்தது. குடம்பியில் முட்டையிடும் டிமொக்கியா என்னும் நுண்ணிய குளவி 1971-72 காலப்பகுதியிற் கொணர்ந்து விடப்பட்டது. அது நிலைகொள்ளவே பீடை தணிந்தது.

இதற்கு முன்னோடி பீஜித் தீவு. அங்கு ஓர் உண்ணி இவ்வண்டினத்தின் குடம்பிகளை அழித்தபோது எஞ்சியவை யாவும் ஒரே பருவத்தினவாயின, உள்ளூர் ஒட்டுண்ணிகள் இடையிடையே இரையின்றி மடிந்தன, வண்டு பெருகியது. 1933இல் யாவாவிலிருந்து கொண்டுசென்ற குளவியே அதனை அடக்கிற்று.

மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாசி மாவுப்பூச்சி 2008இல் கம்பகா, கொழும்பு மாவட்டங்களில் வெளிப்பட்டது. புவேட்டோ றிக்கோவிலிருந்து தருவித்த அசெரோபாகசு என்னும் குளவி 2009இல் விடப்பட்டது. பீடை மீண்டும் குளவிக்கே பணிந்தது.

பரம்பரையலகு வழி எங்கே நிற்கிறது? 1901இல் யப்பானியரான இசிவாத்தா, பட்டுப்புழுவைக் கொல்லும் பற்றீரியாவைக் கண்டார். அவ்வினத்தின் நச்சுப் பரம்பரையலகைப் புகையிலையிற் புகுத்திய செய்தி 1987இல் வெளிவந்தது. ஆயின் அந்நச்சு இலையை மென்றுண்ணும் புழுக்களின் குடலையே பெரிதும் தாக்குவது; சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சிக்கு அது பெரும்பாலும் பயன்படாது. ஹவாயில் 1998இல் பயிரிடக் கிடைத்த பரம்பரையலகு மாற்றிய பப்பாசியோ வைரசு நோய்க்கு எதிரானது. 2004இல் இதே மாவுப்பூச்சி அத்தீவுகளை அடைந்தபோது அவ்வெதிர்ப்பு அதற்கு ஒரு தடையாகவில்லை.