வீட்டுக் கணினியும் மருத்துவ ஆய்வும்

உடலிலுள்ள புரதங்கள் சரியான வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும். அவை தவறாக மடிவதற்கும் அல்சைமர் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டு. இந்த அசைவுகளைக் கணக்கிட ஒரு கணினி போதாது. அதனால் 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ திட்டத்தைத் தொடங்கினார்.

அதன் மென்பொருளை நிறுவினால், கணக்கின் சிறு பகுதி இணையம் வழியே வரும். சும்மா இருக்கும் கணினி அதைச் செய்து முடித்துத் திருப்பி அனுப்பும். கொரோனா காலத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி உதவினர். வைரஸின் முள்புரதம் எப்படித் திறக்கிறது என்பதை ஆய்வாளர்கள் அதன் மூலம் அறிந்தனர்.

மென்பொருள் இலவசம், மின்சாரம் அப்படியல்ல. கட்டணம் கூடும் என்பதால் வீட்டாரிடம் கலந்துகொள்ளுங்கள். அலுவலகக் கணினி நம்மிடம் உள்ள அமானிதம்; அனுமதியின்றி அதில் நிறுவக் கூடாது.