கணக்குக் காட்டாதார்: உத்தரமேரூர்த் தீர்மானங்கள் இரண்டின் மறுவாசிப்பு

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள சோழ மன்னன் முதற் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளைப் பற்றி (பொ.ஆ. 919, 921) இனிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அவை சொல்லும் குடவோலை முறை பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றுவிட்டது. மேடைப் பேச்சில் அது மக்களாட்சியாகவே ஆகிவிட்டது. கால் வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையில் வீடும், மந்திர பிராமணத்தைப் பிறருக்கு ஓதுவிக்கும் கல்வியும் உடைய பிராமண ஆடவர்க்குள் நடந்த சீட்டெடுப்பு அது என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன். என் கேள்வி வேறு. இரண்டே ஆண்டு இடைவெளியில் ஒரு சபை தன் விதிகளை ஏன் மறுபடி எழுதியது?

இதற்கு நெடுங்காலமாக ஏற்கப்பட்டுள்ள விடை வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியாருடையது. உத்தரமேரூர்ச் சபையை விரிவாக ஆராய்ந்த அவருடைய நூல் 1932இல் வெளிவந்தது. முன்னர்த் தளர்வாக இருந்த வாரிய (சபையின் செயற்குழு) முறை படிப்படியாக வளர்ந்து, 919இல் ஒழுங்குபெற்று, நடைமுறையில் தென்பட்ட குறைகள் நீங்கி 921இல் முழுமையடைந்தது என்பது அவர் வாசிப்பின் சாரம். வலிமையான அரசும் துடிப்பான ஊர்ச் சபைகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்ற அவருடைய பெரிய சித்திரத்தில் இது அழகாகப் பொருந்துகிறது. அழகாகப் பொருந்துவதே எனக்கு உறுத்துகிறது. ‘குறைகள் நீங்கின’ என்றால் எந்தக் குறைகள்?

வயது வரம்பிலிருந்து தொடங்கலாம். 919இல் முப்பதுக்கு மேல், அறுபதுக்குக் கீழ். 921இல் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். தகுதியுள்ள ஆள் கிடைக்காததுதான் குறை என்றால் மேல் வரம்பை உயர்த்தியது சரி. கீழ் வரம்பை ஏன் உயர்த்த வேண்டும்? ஆள் பற்றாக்குறை வந்திருக்கவும் கூடும். 921ஆம் ஆண்டு விதிப்படி சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என முப்பது பேர். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் சேர்த்து மேலும் பன்னிருவர். ஆண்டுக்கு நாற்பத்திரண்டு இடம். ஒருமுறை இருந்தவர் மூன்றாண்டு விலகி நிற்க வேண்டுமென்றால், எந்த ஆண்டிலும் நூற்றிருபது பேருக்கு மேல் வெளியே நிற்பார்கள். முப்பது குடும்பு (தேர்வுக்கான பிரிவு), பன்னிரண்டு சேரி (தெரு) கொண்ட ஊருக்கு இது சுமைதான். அப்படியிருந்தும் சபை இளையவர்களை உள்ளே விடவில்லை. ஆகவே ஆள் எண்ணிக்கையைவிடப் பெரிய கவலை ஒன்று சபைக்கு இருந்திருக்கிறது.

அது என்னவென்று உறவினர் விலக்கு காட்டுகிறது என்பது என் வாதம். 919ஆம் ஆண்டு வாசகம் சுருக்கமானது: வாரியம் செய்து ஒழிந்த பெருமக்களுக்கு அணுக்கமான பந்துக்கள் கூடாது. அணுக்கம் எதுவரை என்ற விளக்கம் இல்லை. இது பொதுவிதி, நேர்மையாக இருந்து விலகியவரின் மகனுக்கும் இதே தடை. 921இல் இந்த வாசகத்தின் இடத்துக்கு வேறொன்று வருகிறது. எந்த வாரியமேனும் செய்து கணக்குக் காட்டாதே இருந்தவர் பெயரைக் குடவோலைக்கு எழுதக் கூடாது; அவருடைய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. அந்த உறவினர் யார் யார்? சிற்றவை, பேரவை மக்கள்; அத்தை, மாமன் மக்கள்; தாயோடு உடன்பிறந்தான்; தகப்பனோடு உடன்பிறந்தான்; தன்னோடு உடன்பிறந்தான்; பெண் கொடுத்த மாமன்; மனைவியோடு உடன்பிறந்தான்; உடன்பிறந்தாளை மணந்தவன்; உடன்பிறந்தாள் மக்கள்; மகளை மணந்த மருமகன்; தகப்பன்; மகன்.

கல்லில் ஒவ்வொரு எழுத்துக்கும் உழைப்பு உண்டு. ‘அணுக்கமான பந்துக்கள்’ என்று முடிந்துபோன இடத்தில் ஒரு நீண்ட பட்டியலை வெட்டச் செய்கிறார்கள் என்றால், ‘அவர் எனக்கு அவ்வளவு நெருங்கிய உறவில்லை’ என்று யாரோ வாதாடியிருக்கிறார்கள். பட்டியலில் கொள்வினை கொடுப்பினை வழி வந்தவர்கள் கணிசமாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். மாமனாரும் மைத்துனனும் மருமகனும் அதே ஊரில், அதே குடத்துக்குப் பெயர் எழுதக்கூடிய நிலையில் இருந்தால்தான் இப்படி ஒரு தடைக்குத் தேவை எழும். தந்தை வழியை மட்டும் அடைத்தால் போதாது என்று சபை உணர்ந்திருக்கிறது.

பட்டியலின் வரிசை இதைவிட முக்கியம். விலக்கப்பட்டோரில் முதலில் நிற்பவர் கணக்குக் காட்டாதவரே. தகாத உறவு கொண்டோரும், பிரம்மஹத்தி முதலான மாபாதகம் செய்தோரும், பிறர் பொருளைக் கவர்ந்தோரும் அவருக்குப் பின்னால்தான் வருகிறார்கள். மாபாதகரின் உறவினரை விலக்கும்போது, கணக்குக் காட்டாதவருக்காக வகுத்த அதே உறவுப் பட்டியலையே சபை சுட்டிக்காட்டி முடித்துக்கொள்கிறது. தரும சாத்திரம் பயின்ற ஒரு சபை, பாதகங்களின் வரிசைக்கு முன்னே கணக்கு வழக்கை நிறுத்துவது தற்செயலாக இருக்க முடியாது. தீர்மானத்தின் இறுதிப் பகுதியும் அங்கேயே திரும்புகிறது. கணக்கெழுதுபவன் நேர்வழியில் பொருள் ஈட்டியவனாக இருக்க வேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே பெருங்குறிப் பெருமக்களிடம் (சபையாரிடம்) காட்டித் தூயவன் எனப்படும்வரை மறுபடி கணக்கில் அமரக் கூடாது. இன்னொரு கணக்கன் புகுந்து அதை முடித்துக் கொடுக்கவும் கூடாது. இப்படி ஒவ்வொரு ஓட்டையையும் அடைப்பதைக் காலப்போக்கில் வந்த முதிர்ச்சி என்று நான் கொள்ளவில்லை. 919க்கும் 921க்கும் இடையில் உத்தரமேரூரில் ஒரு கணக்குத் தகராறு நடந்தது. அதற்கு எழுதப்பட்ட தீர்ப்பே இரண்டாம் தீர்மானம்.

பெயர் சொல்லப்பட்ட குற்றவாளி எவரும் கல்வெட்டில் இல்லை. இது என் வாதத்தின் பலவீனம். ஆனால் துஷ்டர் கெட்டு விசிஷ்டர் தழைக்க வேண்டும் என்று இந்த ஏற்பாட்டுக்குத் தீர்மானமே நோக்கம் சொல்கிறது. துஷ்டர் எவரும் இல்லாத ஊரில் அந்த வாசகத்துக்கு என்ன வேலை? மரபான மங்கல வாக்கு என்று அதைத் தள்ளிவிடலாம். தள்ளினால் பட்டியலின் வரிசைக்கு வேறு காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

அரசனின் அதிகாரிகளையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். 919இல் உடனிருந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான். 921இல் சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டு ஸ்ரீவங்கநகரைச் சேர்ந்த கரஞ்சை கொண்டய கிரமவித்த பட்டனாகிய சோமாசிப் பெருமாள். முதலாமவர் வேளாண் பட்டம் தாங்கியவர்; இரண்டாமவர் வேதம் கற்ற பிராமணர். சபையின் தன்னாட்சிமேல் அழுத்தம் வைக்கும் வாசிப்பில் இந்த மாற்றம் வெறும் விவரமாகச் சுருங்கிவிடுகிறது. பிராமணர்க்குள் மூண்ட கணக்குச் சண்டையில் ‘நீ யார் கேட்க’ என்ற கேள்விக்கு இடம் வைக்காத ஒருவரை அரசு அனுப்பியதாகக் கொண்டால் மாற்றத்துக்குப் பொருள் கிடைக்கிறது. ஊகம்தான், ஆனால் தற்செயல் என்பதும் ஊகமே.

மானூர்க் கல்வெட்டை அருகில் வைத்தால் வளர்ச்சிக் கோடு இன்னும் தளர்கிறது. திருநெல்வேலிச் சீமையின் அந்தச் சபையும் உறுப்பினர்க்கு நிலமும் கல்வியும் கேட்டது. ஆனால் அதன் தலைவலி வேறு: வந்த தீர்மானத்துக்கெல்லாம் ‘அன்று’ என்று குறுக்கே நிற்பவர்கள். அவர்களுக்கும் துணை நின்றவர்களுக்கும் ஐந்து காசு தண்டம். அந்தந்த ஊரின் தொல்லை அந்தந்த ஊரின் விதியாகியிருக்கிறது. மானூர் விதியை உத்தரமேரூருக்கு முந்தைய படி என்று கொள்வதைவிட, வேறொரு நோய்க்கு எழுதிய மருந்து என்பது பொருந்தும்.

காலக்கணக்கும் உறுதியாக இல்லை. மானூர்ச் சாசனம் மாறஞ்சடையனின் 35ஆம் ஆண்டுக்குரியது. அப்பெயர் பாண்டியர் பலருக்கு உண்டு, பொ.ஆ. 800ஐ ஒட்டியது என்பது பெரும்பான்மைக் கருத்து மட்டுமே. உத்தரமேரூரில் ஏரி வாரியம் பல்லவர் காலத்திலேயே இருந்தது. ஊரின் பேரேரியான வயிரமேகத் தடாகத்தின் பெயரும் பல்லவ மன்னன் தந்திவர்மனை நினைவூட்டுகிறது. ஆனால் இவ்வூரில் ஏராளமாகக் கிடைக்கும் கம்பவர்மன் என்ற மன்னனின் சாசனங்களை எந்தப் பத்தாண்டில் வைப்பது என்பதில் இன்றும் இணக்கமில்லை. அவன் ஆட்சி பராந்தகனை எவ்வளவு நெருங்குகிறது என்பது தெளிந்தால்தான், 919ஆம் ஆண்டு விதி பழைய வழக்கத்தை எழுத்தில் வைத்ததா, மூவேந்தவேளான் கொண்டுவந்த புதிய ஏற்பாடா என்று பிரித்துச் சொல்ல முடியும்.