மதிலினும் வலியது மகிழ்ச்சி: நெகேமியா ஆகமத்தின் எட்டாம் அதிகாரம் பற்றிய ஓர் ஆய்வு

கிறிஸ்தவப் பிரசங்கங்களிலும் பக்தி நூல்களிலும் சந்தோஷமும் பலமும் இணைத்தே பேசப்படுகின்றன. ஆயினும் அவ்வாறு பேசுமிடத்துச் சந்தோஷம் என்பது பெரும்பாலும் தனிமனிதனின் உள்ளத்தில் எழும் ஒரு பரவசமாகவும், பலம் என்பது தனக்கு நேரும் துன்பத்தை அவன் தாங்கிக்கொள்ளும் மனத்திண்மையாகவும் சுருங்கிவிடுகின்றன. இவ்விணைப்புக்கு ஆதாரமாக எடுத்தாளப்படும் நெகேமியா ஆகமத்தின் எட்டாம் அதிகாரத்துப் பத்தாம் வசனத்தை, அது பிறந்த சரித்திரச் சூழலோடு பொருத்தி வாசிப்போர்க்கு வேறொரு தாற்பரியம் புலனாகும். அங்கே பலமெனப்படும் மகிழ்ச்சி, ஒரு சமூகம் கூடிச் செய்யும் கிரியை என்பதும், இல்லாதவனுக்குப் பங்கு அனுப்புதல் அக்கிரியையின் பிரிக்கவொண்ணாத அங்கம் என்பதும், அந்த அங்கத்திலிருந்தே பலம் பிறக்கின்றது என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்துகளாம்.

பாரசீகப் பேரரசன் அர்தசஷ்டாவின் இருபதாம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 445ஆம் ஆண்டில், சூசான் அரண்மனையில் அவனுக்குப் பானபாத்திரக்காரனாயிருந்த நெகேமியா யூதேயாவின் அதிபதியாக எருசலேமுக்கு வந்து, பகைவரின் ஏளனத்துக்கும் சூழ்ச்சிக்கும் இடையே, இடிந்து கிடந்த நகர மதிலை 52 நாட்களில் கட்டி, ஏலூல் மாதம் 25ஆம் நாளில் அவ்வேலையை முடித்தான். மதில் எழுந்ததேயன்றி நகரம் எழவில்லை. பரப்பு விரிந்திருந்தது, குடிகள் சிலராயிருந்தனர், வீடுகள் கட்டப்படவில்லை. அதனினும் கொடியது மதிலுக்கு உள்ளேயிருந்த பிளவு. பஞ்சத்திலே தானியம் வாங்குவதற்கும் ராஜாவின் வரியைச் செலுத்துவதற்கும் வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்த ஏழைகள், தங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் சொந்தச் சகோதரரிடமே அடிமைகளாக விட நேர்ந்ததைச் சொல்லிக் கூக்குரலிட்டதையும், நெகேமியா பிரபுக்களைக் கடிந்து நிலங்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்ததையும் ஐந்தாம் அதிகாரம் மறைக்காமல் கூறுகின்றது.

இந்தப் பின்னணியிலேதான் ஏழாம் மாதத்தின் முதல் நாளில் ஜனங்கள் தண்ணீர் வாசலுக்கு எதிரேயுள்ள வீதியில் கூடுகின்றனர். ஆடவரும் பெண்டிரும், கேட்டு அறியத்தக்க யாவரும் நிற்க, இதற்கென்றே செய்யப்பட்ட மரமேடையின்மேல் வலப்புறம் அறுவரும் இடப்புறம் எழுவரும் சூழ நின்ற வேதபாரகனான எஸ்றா, விடியற்காலந்தொடங்கி நண்பகல்மட்டும் நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறான். லேவியர் பொருளை விளக்குகின்றனர். கேட்ட ஜனம் அழுகின்றது. அழுகையை நிறுத்தும்படி சொன்ன தலைவர்கள் வெறும் ஆறுதல் மொழியோடு நின்றுவிடவில்லை. கொழுமையானதை உண்ணவும், மதுரமானதைப் பருகவும், தனக்கென ஒன்றும் ஆயத்தம் செய்ய இயலாதவனுக்குப் பங்கு அனுப்பவும் மூன்று கட்டளைகளை இட்டு, அதன்பின்னரே ஆண்டவரை முன்னிட்டு எழும் மகிழ்ச்சி அவர்களுக்கு அரணாயிருக்கும் என்ற காரணத்தைக் கூறுகின்றனர்.

மூன்றாம் கட்டளையே இங்கு ஆணிவேர். வீதியில் நின்று அழுத கூட்டத்தில், கடன் கொடுத்துச் சகோதரனை அடிமை கொண்டவனும் பிள்ளையை இழந்த தகப்பனும் அருகருகே நின்றிருப்பர். உள்ளவன் மட்டும் உண்டு களித்திருப்பின், ஆறத் தொடங்கிய புண்ணை அவ்விருந்தே கீறியிருக்கும். பங்கு வீடு தேடிச் சென்றமையால் ஏழையும் அந்நாளின் மகிழ்ச்சிக்கு உரியவனானான். உடைந்திருந்த ஜனம் ஒரு பந்தியிலே ஒன்றாயிற்று. மதில் முடிந்து ஒரு வாரமும் ஆகாத வேளையில், அதனைக் கட்டிய அதிபதியே முன்னின்று ஜனங்களுக்கு அரணாக மதிலைக் காட்டாமல் மகிழ்ச்சியைக் காட்டியதன் நுட்பம் இதுவே. புறப்பகையைத் தடுக்கக் கல் போதும்; அகப்பிளவை மூடக் கல்லால் இயலாது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். எட்டாம் அதிகாரம் ஆதியில் எஸ்றாவின் சரித்திரத்தைச் சேர்ந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. கிரேக்க மொழியிலுள்ள எஸ்றாவின் முதல் ஆகமமும் இக்காட்சியை மதில் கட்டிய வரலாற்றோடு சேர்க்காமல், எஸ்றாவின் சீர்திருத்தங்களின் முடிவிலேயே வைக்கின்றது. அக்கொள்கையை ஏற்பினும் நம் முடிவு தளராது. மதிலின் நிறைவையடுத்து இக்காட்சியை அமைத்தவர் ஒரு தொகுப்பாசிரியரே என்றால், அந்த அமைப்பே அவர் தந்த வியாக்கியானமாகும். பங்கு அனுப்பும் கட்டளையோ இரு நூல்களிலும் உள்ளது.

மகிழ்ச்சியைக் கட்டளையாக்குதல் துக்கத்தை அடக்குவதாகாதா என்ற இரண்டாம் ஆட்சேபம் இன்னும் கனமானது. இதற்கு விடை அந்த ஆகமத்தின் நாட்குறிப்பிலேயே இருக்கின்றது. முதல் நாளில் விலக்கப்பட்ட அழுகை, கூடாரப்பண்டிகை முடிந்தபின், அதே மாதம் 24ஆம் நாளில் உபவாசத்தோடும் இரட்டோடும் தலைமேல் புழுதியோடும் தனக்குரிய இடத்தைப் பெறுகின்றது. முன்னோரின் குற்றங்களையும் தங்கள் குற்றங்களையும் அறிக்கையிட்டு, சொந்த நிலத்திலேயே அடிமைகளாயிருக்கும் அவலத்தை ஒளிக்காமல் சொல்லும் அந்த நீண்ட ஜெபத்தைச் செய்வதற்கு, முன்னர் ஒருமித்து மகிழ்ந்த ஜனத்துக்கே திராணி உண்டாயிற்று. அறிக்கையின் முடிவில் அவர்கள் செய்த உடன்படிக்கையில், ஏழாம் வருஷத்தில் கடன்களை விட்டுவிடுவோம் என்ற உறுதியும் அடங்கியுள்ளது. ஐந்தாம் அதிகாரத்தில் அதிபதியின் அதட்டலுக்குப் பணிந்து செய்ததைப் பத்தாம் அதிகாரத்தில் ஜனங்கள் தாமே முன்வந்து ஏற்கின்றனர். மகிழ்ச்சி தந்த பலத்துக்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை.

புதிய ஏற்பாட்டிலும் இவ்வமைப்பே தொடர்கின்றது. சிறையிலிருந்து பவுலடியார் பிலிப்பி சபைக்கு விடுத்த நிருபம் நான்கே அதிகாரங்களை உடையதாயினும் மகிழ்ச்சியை மீண்டும் மீண்டும் பேசுகின்றது. அது தனியறையில் பிறந்த ஆத்மானந்தம் என்று கொள்வோர், எப்பாப்பிரோதீத்து என்பவர் மரணத்துக்குச் சமீபமாக நோயுற்றும் கொண்டுவந்து சேர்த்த சபையின் உதவியை அந்நிருபம் எத்துணை நன்றியோடு நினைக்கின்றது என்பதையும், மனவேற்றுமை கொண்டிருந்த எவோதியாளும் சிந்திகேயாளும் ஒருமனப்பட வேண்டுமென்று எத்துணைக் கவலையோடு மன்றாடுகின்றது என்பதையும் கருதவேண்டும். மக்கெதோனியா நாட்டுச் சபைகள் உபத்திரவத்தினிடையே பெற்ற மகிழ்ச்சியும் அவர்களுடைய கொடிய தரித்திரமும் சேர்ந்து தாராளமான தர்மமாகப் பெருகியதைக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபமும் எடுத்துரைக்கின்றது. பிலிப்பி அந்நாட்டுப் பட்டணங்களுள் ஒன்று.

திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் பண்டிகையை ஒட்டி நடைபெறும் அசனத்தை அறிந்தவர்க்கு இது அந்நியமான உபதேசமாகத் தோன்றாது. வீட்டுக்கு வீடு காணிக்கையாக வந்த அரிசியும் ஆடும் ஒரே கொட்டகையில் வெந்து, கொடுத்தவனுக்கும் கொடாதவனுக்கும் ஒரே பந்தியில் பரிமாறப்பட்டு, வர இயலாத முதியோர்க்குத் தூக்குவாளியில் சோறும் குழம்பும் வீடு போய்ச் சேரும்போது, தண்ணீர் வாசலில் பிறந்த கட்டளை நம் மண்ணில் நிறைவேறுகின்றது. எனவே ஒரு சபையின் மகிழ்ச்சியை, அது பாடும் கீர்த்தனைகளின் உரத்தைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. அந்த மகிழ்ச்சியிலிருந்து யாருக்குப் பங்கு சென்றது என்று கேட்டறிதலே முறை. பங்கு செல்லாத இடத்தில் பலத்தை எதிர்பார்க்க வேதாகமம் நமக்கு உரிமை தரவில்லை.