மறதி 3.00

எங்கள் ஊரில் யாராவது போய்விட்டால் விடிவதற்குள் தேரடித் தெருச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏறிவிடும். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி. கீழே துயரத்தில் வாடும் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள். வீட்டு வரவு செலவு நோட்டு செத்ததற்கு அப்படி ஒரு போஸ்டரையும் நான் பார்க்கவில்லை. நெருங்கிய உறவினன் என்ற முறையில் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டு நோட்டு கடையில் வாங்கியதில்லை. மே மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் எங்கள் நோட்டுகளில் எழுதாமல் மிச்சமிருந்த தாள்களை அம்மா கிழித்தெடுத்து, கோணி ஊசியில் நூல் கோத்துத் தைப்பாள். ஒரு தாளில் கோடு இருக்கும், அடுத்ததில் கட்டம் இருக்கும், சிலவற்றில் எங்கள் சயின்ஸ் வாத்தியாரின் சிவப்பு மைகூட இருக்கும். முதல் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு.

அப்பாவுக்குப் பெரிய தெருவில் சின்னதாக ஒரு பூஜைச் சாமான் கடை. திருவண்ணாமலைக் கடைக்காரனுக்கு மாதம் பிறப்பது பௌர்ணமியன்று. 14 கிலோமீட்டர் மலையைச் சுற்ற ஜனம் வந்து இறங்கும் அந்த ஒன்றரை நாளில் கல்லா நிறையும். பிறகு அடுத்த பௌர்ணமி வரைக்கும் ஈ ஓட்டலாம். கார்த்திகை தீபத்தின் பத்து நாளில் வருவதை வைத்துப் பொங்கலைத் தாண்ட வேண்டும். கை நிறையப் பணம் இருக்கும் நாள்தான் ஆபத்தான நாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால் பௌர்ணமிக்கு மறுநாள் வலப்பக்கத்தின் முதல் வரி பாலுக்கோ அரிசிக்கோ போகாது. ‘ஆர்.டி. 50.00’ என்றுதான் விழும். தபால் ஆபீஸ் ஏஜென்ட் அக்கா அட்டையோடு வந்து வாங்கிக்கொண்டு போவார். மீதியைச் சேர்ப்போம் என்றிருந்தால் மீதியே வராது என்பது அம்மா கட்சி.

அதற்குக் கீழேதான் மற்றதெல்லாம். பச்சை மிளகாய் 0.50. வெற்றிலை 1.00. சின்னவனுக்கு ரப்பர் 0.50. கிரிவலச் சாமியார் 0.25. அத்தை கைமாற்று 20.00, பக்கத்திலேயே ‘வாங்க வேண்டும்’.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முன்னிருப்போடு அன்றைய வரவைக் கூட்டி, செலவைக் கழித்து, வரும் தொகையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கும் பணத்தோடு ஒப்பிடுவாள். பெரும்பாலும் ஒத்துப்போகாது. உடனே விசாரணை தொடங்கும். எங்கள் வீடு இருந்தது திருவூடல் தெருவில். சாமியும் அம்பாளும் தையில் ஒரு நாள் ஊடல் கொண்டு மறுநாள் சமாதானமாகிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது பெரும்பாலான ராத்திரிகளில் நடக்கும் உற்சவம். கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளாத பணத்துக்கு அம்மா ஒரு தலைப்பு வைத்திருந்தாள்: ‘மறதி 3.00’. வருஷக் கடைசியில் மறதியை மட்டும் தனியாகக் கூட்டுவாள். ஒரு வருஷம் 212 ரூபாய் வந்தது. “ஒரு புடவை தொலைஞ்சி போச்சி” என்றாள். யாரையும் திட்டவில்லை. ஆனால் அடுத்த வருஷம் அப்பாவின் பீடிக்கட்டு குறைந்தது, ஐஸ் வண்டிக்காரர் எங்கள் தெருவில் நிற்காமல் போனார்.

போனது நல்ல வம்சம். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு வைக்க 90 ஆடு, 96 ஆடு என்று விட்டிருப்பார்கள். அவற்றுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகத்தான் செய்யும், மூப்பும் வரும். ஆனால் குட்டி போட்டு மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. முதலில் கை வைக்காதே, நெய்யை மட்டும் எடு என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த வங்கிக்காரரும் சொன்னதில்லை. பேராடு போய்ப் பேரேடு வந்தது. தாத்தாவின் கடைப் பேரேட்டில் வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று போட்டிருப்பார். 1957 ஏப்ரல் 1 அன்று 16 அணா ரூபாய் 100 நயா பைசா ரூபாயாக மாறியபோது, நெடுநாள் அணாவையும் பைசாவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். நோட்டு அதையும் தாங்கியது. 2011 ஜூன் 30-இல் நாலணா செல்லாமல் போனது, சாமியாருக்கு 0.25 என்ற வரி 1.00 ஆனது. நோட்டு அதையும் தாங்கியது.

தாங்க முடியாதது 2016-இல் வந்தது. அந்த ஏப்ரலில் யூ.பி.ஐ. அறிமுகமானது, நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அடுத்த சில வருஷத்தில் அகல் விற்கும் கூடை, இளநீர் வண்டி, சுண்டல் தட்டு எல்லாவற்றிலும் கியூஆர் அட்டை தொங்கியது. வசதியை நான் குறை சொல்ல மாட்டேன். சில்லறை இல்லை என்று மிட்டாயைக் கையில் திணிக்கும் கொடுமை அதோடுதான் ஒழிந்தது. தாத்தா போட்ட ௷-உம் ௶-உம் 2003-இலேயே யூனிகோடில் ஏறிவிட்டன. அதாவது நோட்டைக் கொன்ற அதே போனுக்குள் அவையும் இருக்கின்றன. தட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

போன் கணக்கு எழுதாமல் இல்லை. என் போன மாத வங்கிக் கணக்கில் 187 வரிகள். பன்னிரண்டு இலக்க எண், யாரோ ஒருவர் பெயர், தொகை. டீயா மருந்தா, தேவையா சபலமா, அத்தை திருப்பித் தர வேண்டியதா, ஒன்றும் அதில் இல்லை. அது எதையும் மறப்பதில்லை. அதனால் அதில் மறதி என்ற தலைப்பும் இல்லை. பணம் எங்கே ஒழுகுகிறது என்று ராத்திரி உட்கார்ந்து தேட வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. அம்மாவின் நோட்டில் வேலை செய்தது கூட்டல் கழித்தல் மட்டுமில்லை, ‘ஐஸ் 1.00’ என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது வரும் அந்தச் சின்னக் கூச்சம்.

கார்த்திகை மாதத்துச் சிவராத்திரியன்று குபேர கிரிவலம் என்று குபேர லிங்கத்தின் முன்னால் நெரிசல் தாங்காது. குபேரன் கருவூலக்காரன், திருப்பதிப் பெருமாளுக்கே கடன் கொடுத்துவிட்டு இன்னும் வட்டி வசூலித்துக்கொண்டிருப்பவன் என்பது கதை. அவனிடம் எல்லோரும் இடப்பக்கத்தைக் கேட்கிறார்கள். வலப்பக்கத்தை யாரும் கேட்பதில்லை. இடப்பக்கத்தை மட்டும் பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2022-இல் ஆருத்ரா என்ற நிதி நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் போட்டது. மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லிச் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகக் குற்றச்சாட்டு. எங்கள் மாவட்டத்து ஆரணி, செய்யாறு ஆட்களும் அதில் உண்டு. நோட்டு இருந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும், லட்சத்துக்கு மாதம் முப்பதாயிரம் என்று இடப்பக்கத்தில் எழுதிப் பார்த்தால், நாலாம் மாதமே முதல் முழுக்கத் திரும்பிவிடுகிறது. அந்த இடத்தில் பேனா ஒரு நிமிஷம் நின்றிருக்கும்: இது யாருடைய வலப்பக்கத்திலிருந்து வருகிறது?

நோட்டுக்கு வாரிசுகள் உண்டு. மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டு உழைத்துக்கொண்டிருக்கிறது. மொய் நோட்டு மட்டும் அமோகமாக வாழ்கிறது; மண்டபத்து வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் யார் என்ன செய்தார் என்பதைப் பைசா தவறாமல் சொல்லும். ஊருக்குக் கொடுத்தது நினைவிருக்கிறது. நமக்கு நாமே செய்ததுதான் தெரியவில்லை.

மறைவு: 2021 ஆகஸ்ட் 5. தேதி எனக்கு நன்றாகவே தெரியும், கை என்னுடையது. சென்னையில் இருந்தபடி பால்காரருக்கும் மளிகைக்கும் கேஸுக்கும் நானே போனில் அனுப்ப ஆரம்பித்திருந்தேன். “எவ்ளோப்பா குடுத்த?” என்று அம்மா கேட்டாள். “வுடும்மா, நான் பாத்துக்கறேன்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது நோட்டைப் புரட்டினேன். கடைசித் தாளில் கடைசி வரி: ‘பால், பெரியவன் போனில் கொடுத்தான்’. எதிரே தொகை எழுதும் இடம் காலி. இருப்பு போடவில்லை. மிச்சத் தாளெல்லாம் வெள்ளை.

பெரிய கோயிலில் பௌர்ணமி முடிந்ததும் மாதாமாதம் உண்டியலைத் திறந்து எண்ணுகிறார்கள். இத்தனை கோடி, இத்தனை லட்சம், தங்கம் இத்தனை கிராம் என்று பேப்பரில் வரும். இந்த மாதம் அம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“சாமியே மாசா மாசம் எண்ணிப் பாக்கறாரு. உனுக்கு போன மாசம் எவ்ளோ ஆச்சி?”

போனை எடுத்து 187 வரிகளையும் மேலும் கீழும் தள்ளினேன். பாதிப் பெயர்கள் யாருடையவை என்றே தெரியவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

“மறதின்னு எழுதிக்கோ.”