மூக்கு மேல ஓட்டையும் பத்துத் துவரும்

கோயில், கல்வெட்டு, குடைவரைன்னு எழுதிக்கிட்டிருந்தவன் திடீர்னு அழகுக் குறிப்புல இறங்கிட்டானேன்னு பதறாதீங்க. இதுவும் வரலாற்றுப் பதிவுதான். என்ன, இந்தத் தடவை கல்லுக்குப் பதிலா தோலு :-)

இன்னைக்கு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பொம்பளப் பிள்ளைங்க வாயில வர்ற வார்த்தை "ஓபன் போர்ஸ்". மூக்கு மேலயும் கன்னத்துலயும் புள்ளி புள்ளியா தெரியுதே, அந்தத் துவாரங்கள்தான். செல்போன்ல முகத்தைப் பெருசாக்கிப் பார்க்க ஆரம்பிச்சதும் இந்தக் கவலை ஆம்பளப் பசங்களுக்கும் வந்துருச்சு.

இதுக்குத் தமிழ்ல புதுச் சொல்லு தேட வேண்டியதில்லை. மயிர்க்கால்! அந்த ஒரு சொல்லுக்குள்ள பாதி அறிவியல் அடங்கியிருக்கு. ஒவ்வொரு துவாரமும் ஒரு முடி முளைக்கிற இடம். பக்கத்துலயே ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கிட்டிருக்கும். அது சுரக்கிற எண்ணெய் அந்த வழியாத்தான் வெளிய வரும். மூடித் திறக்க அங்க கதவு கிடையாது. (புல்லரிக்கும்போது முடியை நிமித்துற குட்டித் தசை ஒண்ணு உண்டு. ஆனா அது துவாரத்தோட வாயைச் சுருக்காது.) இல்லாத இந்தக் கதவைச் சாத்த மனுசன் என்னென்ன பாடுபட்டிருக்கான்கிறதுதான் இந்தப் பதிவு.

எங்க ஊர்க்காரர் பாடிய பவுடர்

ஒத்தக்கடையில திரும்பி, திருமோகூர் தாண்டி வந்தா எங்க திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அவரோட திருவாசகத்துல "திருப்பொற்சுண்ணம்"னு ஒரு பகுதி இருக்கு. இறைவன் நீராடுறதுக்காகப் பெண்கள் கூடி உலக்கை போட்டு வாசனைப்பொடி இடிக்கிற மாதிரி அமைஞ்ச பாட்டு, 20 பாடல்கள். கோயில்ல பக்தியா கேக்குறோம், சரி. கொஞ்சம் வரலாற்றுக் கண்ணாடி போட்டுப் பாருங்க. பொடி இடிக்கிறதும் அதைப் பூசிக் குளிக்கிறதும் அன்னைக்கு வீட்டுக்கு வீடு நடந்த வேலை. அதனாலதான் அது பாட்டாச்சு.

அதுக்கும் பல நூற்றாண்டு முந்தியே, மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில நம்ம மதுரைக் கடைத்தெருவை வரிசையா காட்டும்போது சுண்ணப்பொடி விக்கிறவங்களையும் சேர்த்தே சொல்றார். அதாவது பவுடர் யாவாரம் மதுரைக்குப் புதுசில்லை.

சிலப்பதிகாரத்துல கடலாடு காதைக்குப் போனா விசயம் இன்னும் சுவாரசியம். மாதவி கூந்தலை அலசுற தண்ணியில 10 வகை துவர்ப்புப் பொருள், 5 வகை வாசனைப் பொருள், 32 வகை மூலிகை ஊறியிருந்துச்சாம். முடிக்குச் சொன்னதுதான். ஆனா அந்த "துவர்"ங்கிற சொல்லை மட்டும் முடிஞ்சு வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

வடமொழியில வாக்படர் எழுதின அஷ்டாங்க ஹிருதயத்துல முகப்பூச்சுக்குன்னே தனியா விதிகள் இருக்கு. 6 பருவத்துக்கும் 6 பூச்சு. பூச்சு எத்தனை விரல் கனம் இருக்கணும்கிற அளவு. அதுல ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிச்சது: பூச்சு காயுற வரைக்கும் விடாதே, காய்ஞ்சா தோலோட நிறம் கெட்டுப்போகும், ஈரப்படுத்தி எடு. இன்னைக்கு முல்தானி மட்டியைப் பூசிக்கிட்டு, வெடிச்சுப் பாளம் பாளமா உதிர்ற வரைக்கும் சிரிக்காம உக்காந்திருக்கோமே, அதுக்கு ஆயிரம் வருசத்துக்கு முந்தியே மனுசன் எச்சரிச்சுட்டார்!

குழி என்றால் அம்மைக்குழி

இவ்வளவு பூச்சு, இவ்வளவு பொடி இருந்தும், நாட்டுப்புறத்துல மயிர்க்கால் பெருசா தெரியுதுன்னு கவலைப்பட்ட கிழவியை நான் பார்த்ததில்லை. பரு உண்டு, மங்கு உண்டு, தேமல் உண்டு. "ஓட்டை" கிடையாது. ஏன்?

எங்க அப்பத்தா தலைமுறையில முகத்துல குழின்னு சொன்னா அது ஒண்ணே ஒண்ணுதான், பெரியம்மைத் தழும்பு. அம்மை வந்து பிழைச்சவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது முகத்துல நின்னுது. மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டு, வேப்பிலையும் மஞ்சளுமா தண்ணி ஊத்தி எழுந்து வந்தாலே பெரிய விசயம். பொண்ணு பார்க்க வர்றவங்க முதல்ல பார்க்கிறதும் அந்தத் தழும்பைத்தான். இந்தியாவுல கடைசியா பெரியம்மை பரவினது 1975 மே மாசம். 1980ல உலகத்துலயே ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் பிறந்த நம்ம யாருக்கும் அந்தக் குழி இல்லை.

பெரிய குழி போனதுக்கு அப்புறம்தான் சின்னக் குழி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுது. இது என்னோட கணிப்பு மட்டும்தான். மறுக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம்.

1846 - துவர் மறுபடியும் வருது

அமெரிக்காவுல நியூயார்க் மாகாணத்துல தெரான் பாண்ட்னு ஒருத்தர் 1846ல ஒரு சாறு தயாரிச்சார். விட்ச் ஹேசல்ங்கிற செடியோட சாறு, அங்கத்திய பழங்குடி மக்கள்கிட்ட இருந்து தெரிஞ்சுக்கிட்டது. முதல்ல காயத்துக்கும் வீக்கத்துக்கும்தான் வித்தாங்க. நம்ம வீட்டு அலமாரியில இருக்கிற பாண்ட்ஸ் அவர் பேருதான். 20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் அந்தக் கம்பெனி முகக்கிரீமுக்கு மாறிருச்சு. விட்ச் ஹேசல் மட்டும் "துவாரத்தைச் சுருக்கும் டோனர்"ங்கிற பேர்ல இன்னைக்கு வரைக்கும் பல கம்பெனி பாட்டில்ல ஓடுது.

அந்தச் செடியில என்ன இருக்கு? டானின். அதாவது துவர்! கடுக்காய், வாழைப்பூ, கொட்டைப்பாக்கு எல்லாம் வாயில போட்டதும் நாக்கைச் சுருக்குதே, அதே சாமான்தான்.

இங்கதான் நம்ம பக்கத்துக் கதை ஒண்ணு ஞாபகத்துக்கு வருது. திண்டுக்கல் மாதிரி ஊர்கள்ல தோல் பதனிட ஆவாரம் பட்டையைத்தான் போட்டாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுல மெட்ராஸ் மாகாணத்துத் தோல் லண்டன் சந்தை வரைக்கும் போனதுக்கு அந்தப் பட்டையோட டானின் பெரிய காரணம். அதே ஆவாரையோட பூவை நம்ம ஆளுங்க காயவச்சு, அரைச்சு, பயத்தமாவோட முகத்துக்குப் பூசுறாங்க.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? தொட்டியில கிடக்கிறது செத்த தோல். டானின் அதோட புரதத்தை ஒரு தடவை இறுக்கினா இறுக்கினதுதான், செருப்பா தேயுற வரைக்கும் அப்படியே நிக்கும். நம்ம முகத்துல இருக்கிறது உயிருள்ள தோல். மேல்பரப்பு உதிர்ந்துக்கிட்டே இருக்கும், கீழ இருந்து புதுசா வந்துக்கிட்டே இருக்கும். சுரப்பியும் எண்ணெயை நிறுத்தாது. காலையில டோனர் போட்டு "இறுகிருச்சு"ன்னு சந்தோசப்படுறது சாயங்காலம் பழையபடி ஆயிரும். ஐஸ்கட்டியும் அப்படித்தான். ஆவி பிடிச்சா துவாரம் "திறக்கும்"ங்கிறதும் இல்லை. உள்ள இருக்கிற எண்ணெய் இளகும், அவ்வளவுதான். துவர் பொய்யில்லை, ஆனா அதோட ஆயுசு அரை நாள்.

சிறைச்சாலையிலிருந்து மெடிக்கல் ஷாப்புக்கு

உண்மையிலயே வேலை செய்யற மருந்து ஒண்ணு 1971ல வந்துச்சு. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த டிரெட்டினாயின். பருவுக்குன்னு அமெரிக்காவுல அனுமதிச்சாங்க. துவாரத்துக்குள்ள அடைப்பு சேராம பார்த்துக்கும், வெயில்லயும் வயசுலயும் தளர்ந்த தோலை மெதுவா தேத்தும். மாசக்கணக்குல ஆகும். துவாரம் மறையாது, கொஞ்சம் சின்னதா தெரியும்.

இதைக் கொண்டுவந்தவர் ஆல்பர்ட் கிளிக்மன், பிலடெல்பியாவுல தோல் டாக்டர். அவர் ஆராய்ச்சி செஞ்ச இடம் ஹோம்ஸ்பர்க் சிறை. 1951ல இருந்து 1974 வரைக்கும் கைதிகளோட தோல்ல என்னென்னமோ போட்டுச் சோதிச்சாங்க. கைதிகள்ல பெரும்பாலோர் கறுப்பர்கள். கொஞ்சம் காசுக்குக் கையெழுத்துப் போட்டவங்களுக்கு எதுக்குச் சம்மதிக்கிறோம்னே சரியா தெரியாது. நம்ம அழகுக்குப் பின்னாடி அவங்க முதுகு இருக்கு.

அதே கிளிக்மன் 1975ல இன்னொருத்தரோட சேர்ந்து மங்குக்கு ஒரு கலவை சொன்னார்: டிரெட்டினாயின், ஹைட்ரோகுயினோன், கூடவே ஒரு ஸ்டீராய்டு. டாக்டர் பார்வையில கொஞ்ச காலத்துக்கு மட்டும் போட வேண்டியது. அந்தச் சூத்திரத்தோட வாரிசுகள்தான் நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்புல "முகத்துக்கு ஒரு கிரீம் குடுங்கண்ணே"ன்னு கேட்டா கைக்கு வந்துக்கிட்டிருந்த டியூப்புகள். ரெண்டு வாரத்துல முகம் பளபளக்கும். விட்டா பரு, எரிச்சல். அதனால மறுபடி போடுவாங்க. நாளடைவுல தோல் மெலிஞ்சு, ரத்தநாளம் சிவப்பா தெரிய ஆரம்பிக்கும், முகத்துல முடி முளைக்கும். சின்னத் துவாரத்தை மறைக்கப் போய் தோலையே தொலைக்கிற கதை. தோல் மருத்துவர்கள் பல வருசம் கத்தினதுக்கு அப்புறம், 2018ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு ஆக்குச்சு.

அதோட நிக்கலை. பக்கத்துக் கேரளாவுல, மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல 2021 - 2023 காலத்துல அபூர்வமான ஒரு சிறுநீரக நோயோட அடுத்தடுத்து ஆட்கள் வந்தாங்க. டாக்டர்கள் தோண்டித் துருவினா, ஒரே வகையைச் சேர்ந்த 15 பேர்ல 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசினவங்க. கிரீம்ல இருந்தது பாதரசம்.

சரி, என்னதான் பண்றது?

என் மூக்குலயும்தான் இருக்கு, எடுக்க முடியாது. எண்ணெய் வடியற தோலு, அப்பன் ஆத்தா குடுத்தது. தினம் ரெண்டு வேளை பதமான சோப்புல முகம் கழுவுங்க, வெயிலுக்குச் சன்ஸ்கிரீன் போடுங்க. அடைப்பு இருந்தா சாலிசிலிக் அமிலம் கலந்த கழுவி உதவும், எண்ணெய்க்குள்ள கரைஞ்சு போற சாமான் அது. டிரெட்டினாயின் வேணும்னா தோல் டாக்டரைப் பார்த்துட்டுத்தான். கர்ப்பமா இருக்கிறவங்க தொடவே கூடாது. மூக்குல பிதுக்கினா வர்ற வெள்ளை இழை அழுக்கில்லை, சில வாரத்துல திரும்ப வந்துரும், அதை நோண்டாதீங்க. பயத்தமாவு, ஆவாரம்பூ பிடிச்சா தாராளமா போடுங்க, வாக்படர் சொன்ன மாதிரி காயுறதுக்குள்ள கழுவிருங்க.

பேரு, கம்பெனி, உள்ள என்ன இருக்குங்கிற விவரம் எதுவும் அச்சடிக்காத டப்பாவை மட்டும் யாரு குடுத்தாலும், சித்தியே குடுத்தாலும், வாங்காதீங்க. உங்க வீட்டுப் பிள்ளைங்க டிரெஸ்ஸிங் டேபிளையும் இன்னைக்கு ஒரு தடவை பார்த்துருங்க.

டிஸ்கி: உங்க ஊர்ல முகத்துக்கு என்ன பொடி இடிப்பாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பொற்சுண்ணத்துக்கு என்னென்ன சேர்ப்பாங்கன்னு தெரிஞ்ச பெரியவங்க இருந்தா தனிப்பதிவாவே போட்டுருவோம்.