திருப்பூர்க் குமரனும் வாலிபர் சங்கமும்

சென்னிமலையில் 1904-இல் நெசவாளர் குடியிற் பிறந்த குமரனை நாடு ‘கொடி காத்த குமரன்’ என்றே போற்றுகின்றது. 1932 சனவரி 4-இல் காந்தியடிகள் சிறைப்பட்டார். சனவரி 10-இல் திருப்பூரில் தடையை மீறி ஊர்வலம் சென்ற தொண்டருள் குமரனும் ஒருவர். தடியடியால் வீழ்ந்தும் கொடியைக் கைவிடாத அவர் மறுநாள் உயிர்துறந்தார். அப்போது அகவை 27.

அச்சிறப்புப்பெயர் ஒருநாட் செயலையே சுட்டுகின்றது. அதற்கு முன்னரே தேசபந்து வாலிபர் சங்கத்தில் அவர் தொண்டாற்றியமை பெரிதும் பேசப்படுவதில்லை. பருத்தித்தொழில் நாடி ஊர்விட்டு வந்த இளைஞர்க்குப் பொதுப்பணியிற் கூடியியங்கும் பயிற்சியை இத்தகைய சங்கங்களே அளித்தன எனக் கருதுகின்றோம். அப்பயிற்சியின்றி அன்றைய ஊர்வலம் இல்லை. ஆதலின், கொங்குநாட்டு வரலாறு எழுதப்புகுவோர் குமரனின் இறப்போடு இச்சங்க வாழ்வையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளல் வேண்டும்.