அரிப்புக்கு மருந்து: நாய்க்கு முதல்ல, நமக்கு அப்புறம்

1/ பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்கள்ல வலை காயுற இடத்துலயும் கருவாடு காயுற இடத்துலயும் நாய்கள் படுத்திருக்கும். அதுல ஒண்ணு ரெண்டு, முடி கொட்டி, தோல் தடிச்சு, விடாம சொறிஞ்சிட்டே இருக்கும். "சொறி நாய்"னு விரட்டிடுவோம். அந்த அரிப்போட வரலாறு நம்ம தோலையும் தொடுது மக்களே. பொறுமையா படிங்க.

2/ ரொம்ப காலம் மருத்துவத்துல அரிப்புன்னாலே ஹிஸ்டமின்தான் ஞாபகத்துக்கு வரும். கொசுக்கடி, திடீர் தடிப்பு எல்லாத்துக்கும் அதுக்கு எதிரான அவில் மாதிரி மாத்திரை. ஆனா கரப்பான் இருக்கிற குழந்தைக்கு அதைக் கொடுத்தா தூக்கம் வரும், அரிப்பு பெருசா குறையாது. ஒவ்வாமை இருக்கிற நாய்க்கும் இதே கதைதான். அப்போ வேற ஏதோ ஒண்ணு இருக்கணும்.

3/ 2004-ல அது கிடைச்சது. அமெரிக்காவுல சியாட்டில் ஆய்வாளர்கள் இன்டர்லூகின்-31ங்கிற புரதத்தை அறிவிச்சாங்க. இது ஒரு சைட்டோகைன். நோய் எதிர்ப்பு செல்கள் மத்த செல்களுக்கு அனுப்புற தகவல்னு வச்சுக்கங்க. கொரோனா காலத்துல "சைட்டோகைன் புயல்"னு கேட்டிருப்பீங்க, அதே வகையறா. இது அதிகமா சுரக்குற மாதிரி மாத்தின எலிகள் சொறிஞ்சு சொறிஞ்சு முடியை இழந்துச்சு.

4/ நாய்க்கும் இதுதான் காரணமா? மனித புரதமும் நாயோட புரதமும் ஒரே அச்சு கிடையாது. அதனால நாயோட மரபணுவை எடுத்து, ஆய்வகத்துல வளர்க்கிற செல்லுக்குள்ள வச்சு, புரதத்தைத் தயாரிச்சாங்க. சர்க்கரை நோயாளிகள் போடுற மனித இன்சுலின் 1982-லேர்ந்து இந்த மறுசேர்க்கை முறையிலதான் வருது. அந்தப் புரதத்தை நல்லா இருந்த பீகிள் நாய்களுக்குச் செலுத்தினதும் சொறிய ஆரம்பிச்சுது. ஒவ்வாமைத் தோல் நோய் உள்ள நாய்கள்ல பாதிக்கு மேல இந்தப் புரதம் ரத்தத்துலயே தெரிஞ்சது. இது 2013-ல வெளியாச்சு.

5/ அடுத்து, அந்தப் புரதத்தைப் பிடிச்சுக் கட்டிப்போடுற ஆன்டிபாடி ஊசி. பேரு லோகிவெட்மாப். நாய்க்கு மட்டும். அமெரிக்காவுல 2016, ஐரோப்பாவுல 2017. மனுஷனுக்கு? இதே வழியை அடைக்கிற நெமோலிசுமாப் ஜப்பான்ல 2022-லயும் அமெரிக்காவுல 2024-லயும்தான் அனுமதி வாங்குச்சு. ஆமாங்க, இந்த ஒரு விஷயத்துல நாய் நமக்கு முன்னாடி!

6/ ஆனா ஒரு எச்சரிக்கை. எல்லா அரிப்பும் இந்தப் புரதத்தால வர்றதில்ல. தெருநாய்க்கு உண்ணியும், கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சியும் முக்கியக் காரணம். அந்த விலை கூடின ஊசி பூச்சியைக் கொல்லாது. பூச்சிக்கு எளிய மருந்துகளே இருக்கு. நாயைக் கட்டிப்பிடிக்கிற குழந்தைக்கும் அந்தப் பூச்சியால அரிப்பு வரலாம். நாயைக் குணப்படுத்தணும், குழந்தையை டாக்டர்கிட்ட காட்டணும்.

7/ இன்னொண்ணு. படகு இன்ஜின்லயோ வண்டியிலயோ வடிச்ச பழைய ஆயிலை நாய்க்குத் தடவுற பழக்கம் இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம். நாய் அதை நக்கும், விஷம் உள்ள போகும், தோலும் வெந்துபோகும். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துல காட்டுங்க. சென்னையில 1903-ல தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில இருக்கு.

8/ அரிப்பு கெட்ட பழக்கம் இல்ல, நோய். ராத்திரி முழுக்க சொறியுற குழந்தையை "சும்மா இரு"ன்னு அதட்டாதீங்க, சொறியுற நாய் மேல கல்லெறியாதீங்க. ரெண்டு பேருக்கும் வைத்தியம் இருக்கு.